சிறுநீரகம் காக்க டான்சிலை அகற்றலாமா? ஜப்பான் தரும் பாடமும் இந்தியா எழுப்ப வேண்டிய கேள்வியும்

புது தில்லி: 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 29. மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்து பேசிய அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, சில நிமிடங்களைச் சிறுநீரக நோயாளிகளுக்காக ஒதுக்கினார். நாட்டில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையை எட்டுகின்றனர். அவர்களால் மட்டும் 3.4 கோடி முறை கூடுதலாக டயாலிசிஸ் செய்ய வேண்டியுள்ளது. நாட்டில் உள்ள ஏறத்தாழ 4,950 டயாலிசிஸ் மையங்களில் பெரும்பாலானவை தனியாருடையவை, பெருநகரங்களிலேயே குவிந்தவை. தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது என்று அவர் கூறினார். ஒருமுறை டயாலிசிஸ் செய்ய ரூ.2,000, ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்கு மேல் என்ற கணக்கையும் சொல்லி, மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி அளிக்கும் தேசியத் திட்டத்தை அவர் அறிவித்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜுக்கு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. 2018-ஆம் ஆண்டு மே மாதம் அதே மருத்துவமனையில் ஜேட்லிக்கும் நடந்தது. இருவரும் நீண்டகாலம் நீரிழிவு நோயுடன் வாழ்ந்தவர்கள். சிறுநீரகம் பழுதாக நம் நாட்டில் முதன்மைக் காரணங்களுள் ஒன்று நீரிழிவு என்பதை அனைவரும் அறிவர். ஆனால் நீரிழிவும் இன்றி, பரம்பரைக் கோளாறும் இன்றி, இருபது முப்பது வயதிலேயே டயாலிசிஸ் படுக்கைக்கு வந்து சேர்பவர்கள் பலர். அவர்களில் கணிசமானோரின் நோய்க்குப் பெயர் ஐஜிஏ நெஃப்ரோபதி. இந்த நோய்க்குத் தொண்டையில் உள்ள டான்சிலை அறுத்து எடுப்பது ஒரு சிகிச்சை என்கிறது ஜப்பான். மேலை நாடுகளோ அதை ஏற்கத் தயங்குகின்றன. இந்தியா இதுவரை எந்தப் பக்கமும் சாயவில்லை. இது மருத்துவர்களுக்குள் நடக்கும் விவாதம்தானே என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் பணம் எங்கே செலவாகிறது, எங்கே செலவாக வேண்டும் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

உடலில் நுழையும் கிருமிகளை எதிர்க்க நம் உடல் உற்பத்தி செய்யும் எதிர்ப்புப் புரதங்களுள் ஒன்று இம்யூனோகுளோபுலின் ஏ, சுருக்கமாக ஐஜிஏ. மூக்கு, தொண்டை, குடல் போன்ற பகுதிகளின் உட்சவ்வுகளில் காவல் நிற்பது இதன் வேலை. சிலருக்கு இந்தப் புரதம் சற்றே குறைபாட்டுடன், அதன் மேல் இருக்க வேண்டிய கேலக்டோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறு இல்லாமல் உருவாகிறது. அதை அந்நியப் பொருளாகக் கருதும் உடல், அதற்கு எதிராக வேறு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. இரண்டும் பிணைந்து கட்டிகளாகி, ரத்தத்தில் மிதந்து சென்று, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிகின்றன. அங்கே அழற்சி ஏற்படுகிறது. நாளடைவில் வடிகட்டிகள் தழும்பேறிப் பயனற்றுப் போகின்றன. காவலுக்கு வைத்தவர்களே வீட்டைச் சூறையாடிய கதைதான் இது.

பாரீஸ் நகரைச் சேர்ந்த ழான் பெர்ஜேயும் நிக்கோல் ஹிங்லேயும் 1968-இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தனர். சிறுநீரக வடிகட்டிகளை நேரடியாகத் தாக்கும் அழற்சி நோய்களுள் உலகெங்கும் அதிகமாகக் காணப்படுவது இதுவே.

இந்த நோய் தன்னை வெளிப்படுத்தும் விதத்தில்தான் தொண்டை கதைக்குள் வருகிறது. சளி, தொண்டை வலி, காய்ச்சல் வந்த ஓரிரு நாள்களுக்குள் சிலருக்குச் சிறுநீர் தேநீர் நிறத்தில் அல்லது கோலா பானத்தின் நிறத்தில் போகும். தொண்டைப் புண் ஆறி ஒன்றிரண்டு வாரம் கழித்து இப்படி நேர்ந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் வேறு வகை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தொண்டை வலியுடன் கூடவே வருவது ஐஜிஏ நோயின் அடையாளம். இரண்டு மூன்று நாளில் நிறம் தெளிந்துவிடுவதால், 'உடல் சூடு' என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுவோர் ஏராளம். இன்னும் பலருக்கு நிறமாற்றம்கூட இருக்காது. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமும் புரதமும் கசிந்துகொண்டே இருக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவரிடம் போகும்போது சிறுநீரகங்கள் சுருங்கிப்போயிருக்கும்.

தொண்டையில் தொற்று ஏற்படும்போதெல்லாம் நோய் சீறுகிறது என்றால், தொண்டையிலேயே அதன் ஊற்றுக்கண் இருக்கலாம் அல்லவா? டான்சில் என்பது வெறும் சதைக் கட்டி அல்ல. எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்யும் அணுக்கள் நிறைந்த பாசறை. குறைபாடுள்ள ஐஜிஏ அங்கே உற்பத்தியாகிறது என்றால், அந்தப் பாசறையையே அகற்றிவிட்டால் என்ன? ஜப்பானிய மருத்துவர்களின் சிந்தனை இந்தத் திசையில் சென்றது.

செண்டாய் நகரிலிருந்து வந்த முறை:

ஜப்பானின் செண்டாய் நகர மருத்துவர் ஒசாமு ஹோட்டாவும் அவரது குழுவினரும் 329 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். டான்சிலை அகற்றி, அத்துடன் மூன்று நாள்கள் தொடர்ச்சியாக ஸ்டீராய்டு மருந்தை ஊசி மூலம் அதிக அளவில் செலுத்தும் முறையைச் சில சுற்றுகள் பின்பற்றினால், சிறுநீரில் ரத்தமும் புரதமும் மறைந்து நோய் தணிவது அதிகம் என்பது அவர்களது முடிவு. அதன்பின் இந்த இரட்டைச் சிகிச்சை ஜப்பான் முழுவதும் பரவியது.

ஜப்பானில் 1,065 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019-இல் வெளியானது. ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்த, டான்சில் அகற்றப்பட்டவர்களையும் அகற்றப்படாதவர்களையும் இணை இணையாக ஒப்பிட்டபோது, சிறுநீரகச் செயல்பாடு மோசமாவதும் டயாலிசிஸ் நிலைக்குச் செல்வதும் அகற்றப்பட்டவர்களிடையே சுமார் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது என்று அது கூறியது. கேட்பதற்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். இத்தகைய ஆய்வுகள் நடந்து முடிந்தவற்றின் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவை. அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்பவர்கள் பொதுவாக வயதில் இளையவர்கள். அக்கறையுடன் மருத்துவரிடம் செல்பவர்கள். மற்ற மருந்துகளையும் ஒழுங்காக உட்கொள்பவர்கள். நன்மை கத்தியால் வந்ததா, அக்கறையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அதைப் பிரித்தறிய, யாருக்கு அறுவைச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வு தேவை. அப்படிப்பட்ட ஆய்வு ஒன்றும் ஜப்பானில் நடந்தது; முடிவு 2014-இல் வெளியானது. 80 பேர், ஓராண்டுக் கண்காணிப்பு. டான்சிலை அகற்றி ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கு, ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களைவிடச் சிறுநீரில் புரதக் கசிவு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நோய் முழுமையாகத் தணிந்தவர்களின் விகிதத்தில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. இருபது முப்பது ஆண்டுகள் மெல்ல அரிக்கும் நோய்க்கு ஓராண்டு ஆய்வு போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரோப்பாவில் 13 நாடுகளின் 1,147 நோயாளிகளைக் கொண்ட ஆய்வுத் தொகுப்பில், டான்சில் அகற்றியதால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. அங்கே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொற்பமே என்பதும் உண்மை.

வழிகாட்டியில் இந்தியர் எங்கே?

சிறுநீரக நோய்ச் சிகிச்சைக்கு உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ அமைப்பின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிமுறை, ஐரோப்பிய வழிவந்தவர்களுக்கு ஐஜிஏ நோய்ச் சிகிச்சையாக டான்சிலை அகற்ற வேண்டாம் என்றும், ஜப்பானியர்களுக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. ஐரோப்பியருக்கு ஒரு விடை. ஜப்பானியருக்கு ஒரு விடை. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கு இந்த இரண்டு பத்திகளிலும் இடமில்லை. பிறரைக் குறைகூறிப் பயனில்லை. நம்மிடம் தரவுகள் இருந்தால்தானே அவர்கள் எழுத முடியும்?

தரவுகளைத் திரட்டும் முயற்சி நம் நாட்டில் நடக்கவே இல்லை என்றும் கூறிவிட முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், திசுப் பரிசோதனை மூலம் நோய் உறுதியான சுமார் 200 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் 'கிரேஸ்' என்ற ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. தெற்காசியர்களை இவ்வாறு முன்னோக்கிப் பின்தொடர்ந்த முதல் ஆய்வு இதுவே. நம்மவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேரும்போதே உயர் ரத்த அழுத்தம், அதிகப் புரதக் கசிவு ஆகியவற்றுடன் வருகின்றனர். மூன்றாண்டுகளுக்குள்ளேயே கணிசமானோருக்குச் சிறுநீரகம் வேகமாகப் பழுதடைகிறது என்பது அந்த ஆய்வு காட்டிய கசப்பான உண்மை.

ஆஸ்திரேலியா, கனடா, சீனா, மலேசியா ஆகியவற்றுடன் இந்தியாவும் பங்கேற்ற 'டெஸ்டிங்' ஆய்வும் நமக்கு எச்சரிக்கை மணி. ஸ்டீராய்டு மாத்திரையின் பயனை அறியத் தொடங்கிய இந்த ஆய்வு, கடும் நோய்த்தொற்றுகள் ஏற்பட்டதால் 2015-இல் இடைநிறுத்தப்பட்டு, மருந்தின் அளவைக் குறைத்து, நுரையீரல் தொற்றுக்குத் தடுப்பு மருந்தும் சேர்த்து மீண்டும் நடத்தப்பட்டது. 503 பேர் பங்கேற்ற அதன் முடிவு 2022-இல் வெளியானபோது, ஸ்டீராய்டு சிறுநீரகத்தைக் காக்கிறது, ஆனால் பக்கவிளைவும் அதிகம் என்பது தெளிவாயிற்று. ஜப்பானிய முறையில் டான்சில் அகற்றுதல் பாதி, ஸ்டீராய்டு மறுபாதி. காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில் அந்த மறுபாதியைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்ய முடியாது.

அறுவைச் சிகிச்சையும் ஆபத்தே இல்லாதது அல்ல. பெரியவர்களுக்கு டான்சில் அகற்றினால் வலி அதிகம். சில நாள் கழித்துக்கூட ரத்தக் கசிவு ஏற்படலாம். ரத்த அழுத்தம் மிகுந்த, சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் கூடுதல் கவனம் தேவை. வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே சிறுநீரகத்துக்கு எதிரி என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

அறுப்பதற்குப் பணம் உண்டு, மாத்திரைக்கு?

மருத்துவ விவாதம் அரசின் கொள்கையைச் சந்திக்கும் இடம் இதுதான். 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. டான்சில் அகற்றும் அறுவைச் சிகிச்சை அதன் பட்டியலில் இருக்கிறது. டயாலிசிஸும் இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் சேராமல் புறநோயாளியாகப் பெறும் சிகிச்சை இதில் சேராது. அனுமதிக்கு முந்தைய மூன்று நாள், வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் மருந்துகளோடு காப்பீட்டின் கை ஓய்ந்துவிடும்.

ஐஜிஏ நோயாளிக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் புறநோயாளிச் சிகிச்சைதான். ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள், உப்பைக் குறைத்தல், அண்மைக் காலமாக டாபாகிளிஃப்ளோசின். நீரிழிவுக்கென வந்த இந்த மருந்து, நீரிழிவு இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்பது 2020-இல் உறுதியானது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமை காலாவதியாகி, உள்நாட்டு நிறுவனங்கள் போட்டிபோட்டுத் தயாரித்ததால் விலையும் சரிந்தது. ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகள் இவை. நோயாளி மாதந்தோறும் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும் அல்லது அரசு மருத்துவமனையில் இருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2021 டிசம்பர் முதல் இந்த நோய்க்கென்றே அடுத்தடுத்து அனுமதிக்கப்பட்டுவரும் புடசோனைடு, ஸ்பார்சென்டான், இப்டகோபான் ஆகிய புதிய மருந்துகள் சாமானியருக்கு எட்டாத விலையில் உள்ளன.

காப்பீட்டுப் பணம் அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் பாயும்போது என்ன நேரும் என்பதற்கு முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை. முந்தைய ராஷ்ட்ரீய ஸ்வாஸ்திய பீமா யோஜனா காலத்தில் பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்ட புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை வந்தன. இத்தகைய அறுவைச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் செயல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'டான்சிலை எடுத்தால் சிறுநீரகம் பிழைக்கும்' என்ற அரைகுறைச் செய்தி பரவினால், அடுத்த வேட்டைக்களம் தொண்டையாக இருக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்?

உண்மையான வேறுபாடு கத்தியில் இல்லை:

ஜப்பானின் வெற்றியைப் பார்க்கும்போது நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அங்கே 1974 முதல் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடைபெறுகிறது. காலையில் எழுந்தவுடன் சிறு குப்பியில் சிறுநீரைப் பிடித்துக் குழந்தைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்கின்றனர். பணியிடங்களில் நடத்தப்படும் ஆண்டுப் பரிசோதனையிலும் சிறுநீர் இடம்பெறுகிறது. இதனால் அங்கே ஐஜிஏ நோய், அறிகுறி தோன்றுமுன்னரே, வடிகட்டிகள் தழும்பேறுமுன்னரே பிடிபட்டுவிடுகிறது. அந்நிலையில் எந்தச் சிகிச்சையும் நன்றாகவே பலனளிக்கும். போதாக்குறைக்கு, தீர்க்க அரிய நோய்களுக்கு அரசே உதவித்தொகை வழங்கும் பட்டியலில் 2015-இல் இந்த நோயையும் ஜப்பான் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டில் 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்குச் சென்று பிறவிக் குறைபாடு, இதய நோய், ரத்த சோகை, பல் நோய் என 30 வகைக் கோளாறுகளைப் பரிசோதிக்கின்றன. பாராட்டத்தக்க திட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் சிறுநீரக நோய் இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023-ஆம் ஆண்டு நெறிமுறையில் நாள்பட்ட சிறுநீரக நோய் இடம்பெற்றுள்ளது. அதிலும் முதன்மைக் கவனம் முப்பது வயதைக் கடந்த, நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மீதே. பதினைந்து வயதில் தொண்டை வலியோடு சிறுநீர் சிவந்த மாணவனை எந்த வலையும் பிடிப்பதில்லை.

அந்த மாணவன் தர்பங்காவிலோ பலியாவிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறுநீரில் புரதம் இருப்பது தெரிந்தாலும், நோயின் பெயரை உறுதிப்படுத்தத் திசுப் பரிசோதனை வேண்டும். ஊசியால் சிறுநீரகத் துணுக்கை எடுத்து, ஒளிரும் சாயமிட்டுப் பார்க்கும் வசதி பெரும்பாலான மாவட்ட மருத்துவமனைகளில் கிடையாது. ரயிலேறி தில்லிக்கு வருவோர் பலர். எய்ம்ஸ் மருத்துவமனை வாசலிலும் மெட்ரோ ரயில் நிலையச் சுற்றுப்புறத்திலும் பனியிலும் வெயிலிலும் கோப்புகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்போரைத் தலைநகரில் இருப்பவர்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்கு, சில ரூபாய்ச் சிறுநீர்ப் பரிசோதனை பத்தாண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டிருந்தால் இந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது?

நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது வீண் செலவு என்று வாதிடுவோரும் உண்டு. பரிசோதனையில் தென்படும் ரத்தம் பலருக்கு மறுமுறை பார்க்கும்போது இருக்காது. வீண் பீதியும் அலைச்சலும் மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஏற்கெனவே பள்ளிக்குச் செல்லும் மருத்துவக் குழுவின் பையில் பரிசோதனைப் பட்டைகளையும் வைத்து, சில மாவட்டங்களில் சோதித்துப் பார்க்க என்ன தடை?

பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

சுகாதாரம் குறித்து நாடாளுமன்றத்தில் எழுப்பப்படும் கேள்விகளுக்கு அமைச்சகம் தரும் பதில்கள் பெரும்பாலும் 'பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை' என்ற வாசகத்தோடுதான் தொடங்கும். ஆனால் எந்தச் சிகிச்சை நம்மவர்களுக்குப் பலனளிக்கும் என்று கண்டறியும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மத்திய அரசின் நிறுவனம். காப்பீட்டில் எது சேரும், எது சேராது என்று தீர்மானிப்பதும் மத்திய அரசின் ஆணையமே. எனவே உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. டான்சில் அகற்றுதல் இந்திய ஐஜிஏ நோயாளிகளுக்குப் பயன்தருமா என்பதை அறிய, பல மருத்துவமனைகள் இணைந்த குலுக்கல் முறை ஆய்வு ஒன்று நடத்தப்படுமா? அதன் முடிவு வரும்வரை, சிறுநீரகத்தைக் காட்டி டான்சில் அகற்றும் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்குச் சிறுநீரகவியல் நிபுணரின் ஒப்புதல் கட்டாயமாக்கப்படுமா? டயாலிசிஸுக்குப் பணம் தரும் அரசு, டயாலிசிஸைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் பணம் தருமா?

நோயாளிகள் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. அடிக்கடி டான்சில் வீங்கிப் புண்ணாகிறவர் அதற்காகவே அதை அகற்றிக்கொள்வது வேறு; ஐஜிஏ நோய்க்கு மாற்றாக அதை நம்பி மாத்திரைகளை நிறுத்துவது வேறு. இரண்டாவது ஆபத்து. தொண்டை வலியின்போது சிறுநீர் நிறம் மாறினால், தெளிந்துவிட்டதே என்று விட்டுவிடாமல் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட ஐஜிஏ நோயாளிகளைப் பற்றிய பதிவேடு ஒன்றின் ஆய்வு 2023-இல் வெளியானது. புரதக் கசிவு குறைவாக இருப்பதால் ஆபத்தில்லை என்று முன்பு கருதப்பட்டவர்களிலேயே ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்குப் பத்தாண்டுகளுக்குள் சிறுநீரகம் செயலிழந்தது என்று அது காட்டியது. காத்திருக்கலாம் என்ற பழைய எண்ணத்துக்கு இனி இடமில்லை.

2016-இல் அவையில் வெளியான அறிவிப்பு, டயாலிசிஸ் இயந்திரங்களை மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. பல உயிர்கள் அதனால் நீடித்தன, மறுப்பதற்கில்லை. அந்த இயந்திரங்களின் முன் வரிசையில் நிற்கும் இளைஞர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் அறிவிப்பு ஒன்று வரும் நாளில், பலமாக மேசை தட்டப்படட்டும்.